நான் வரைந்த வீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்

முப்பது வருடமாக வீட்டுப் பிளான் வரைந்து பிழைக்கிறேன். அதில் ஒரே ஒரு வீடுதான் சினிமாவில் வந்தது. அதுவும் நகைச்சுவைக் காட்சியில். எட்டு நிமிடம் இருக்கும். நாகர்கோவில் தியேட்டரில் மதியக் காட்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் அந்த வீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வீடு குளச்சலில் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு தெருதான். வீட்டுக்காரர் சவூதியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவர். அவர் விடுமுறையில் வந்து என்னைப் பார்ப்பதற்கு முன்பே வாட்சப்பில் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. முன்பக்கம் தரையிலிருந்து மேல்மாடி வரை ஒரே கண்ணாடி. உள்ளே சுவரே இல்லாத ஹால். ஹாலின் மூலையில் திறந்த அடுக்களை. எல்லாம் வெள்ளை. எந்தப் படத்திலும் மனிதர் இல்லை.

"பாய், உங்க மனை மேற்கு பாத்தாக்கும் கிடக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயிலு முழுசும் உள்ள வரும்" என்று போனில் சொன்னேன்.

"ஏசி போடலாம் சாறே."

"கடக்காத்துக்கு இரும்பு நிக்காது. கண்ணாடியப் பிடிச்சிருக்கிய கிளிப்பெல்லாம் துருப்பிடிக்கும்."

"நல்ல சாதனமா வாங்கிப் போடுவோம்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. முப்பது வயதில் பேசியிருப்பேன். கோட்டாறில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டிய புதிதில், வருகிறவர்கள் எல்லோரிடமும் வெயிலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவேன். நம் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். சன்ஷேடு இல்லாமல் வீடு கட்டினால் ஐந்தாம் வருடம் சுவர் பாசி பிடித்து நிற்கும். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த மாதம் வேறொருவன் வரைந்த பிளானில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிப் போனவர்களை எண்ணி எண்ணி ஒரு கட்டத்தில் அலுத்துப் போனது. கேட்டதை வரைந்து கொடுக்கக் கற்றுக்கொண்டேன். குளச்சல் வீட்டையும் அப்படித்தான் வரைந்தேன்.

பிளான் முடிந்ததும் அவரும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணினித் திரையில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அவர் கண் மின்னப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீனு பொரிச்சா புகை எந்த வழியா போவும்?"

அடுப்புக்கு மேலே சிம்னி வருகிறது என்று காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சேலை முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

வீடு முடிய ஒன்றரை வருடம் ஆனது. குடிபுகுந்த பின் அவர் சவூதிக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. வரைந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில் எனக்கு எப்போதுமே தயக்கம் உண்டு. ஏதாவது ஒழுகும், யாராவது சொல்லுவார்கள்.

மூன்று வருடம் கழித்து அவர் விடுமுறையில் வந்திருந்தபோது போன் செய்தார். "சாறே, நம்ம வீட்டுல சினிமா பிடிக்கப் போறாங்கோ. ஒரு கண்ணாடிக் கதவைக் கழத்தி மாட்டணுமாம். நீங்க பக்கத்துல நின்னாத் தேவல."

போனேன். முற்றத்தில் வேன்களும் குடைகளுமாக இருந்தன. படக்குழுவின் மேலாளர் ஒருவர், சென்னைக்காரர், என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், இந்த மாதிரி வீட்டைத்தான் ரெண்டு மாசமா தேடிட்டிருந்தோம். கதை சென்னைல நடக்குது. அங்க ஷூட் பண்ணா கூட்டம் கூடிடும். இந்த வீட்டைப் பாருங்க, எந்த ஊருன்னே கண்டுபிடிக்க முடியல!"

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். என் ஊரில் நான் வரைந்த ஒரு வீடு எந்த ஊர் என்றே தெரியாமல் இருக்கிறது. அதற்காகவே அதைத் தேடி வந்திருக்கிறார்கள். இது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்தபோது வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் படத்தின் நகைச்சுவை நடிகர் இருந்தார். திரையில் அவர் வந்து நின்றாலே ஜனங்கள் சிரிப்பார்கள். நேரில் ஒட்டிய கன்னமும் நரைத்த தாடியுமாக, முழங்காலைத் தடவிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் ஆளைப்போல இருந்தார்.

"வீட்ட வரஞ்சது நீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"உள்ள போயிப் பாத்துட்டு வரவா? இன்னைக்கு எனக்கு ஷாட் இல்ல."

என்னிடம் எதற்கு அனுமதி கேட்டார் என்று தெரியவில்லை. எழுந்து அவரோடு போனேன். காலை முழுவதும் அந்த மனிதர் வீட்டுக்குள் நடந்தார். நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தார். குழாயைத் திறந்து மூடினார். படிக்கட்டில் பாதி ஏறி நின்று கீழே பார்த்தார். நடக்கும்போது யாரோ ஒருவருடைய நடையை முயன்று பார்ப்பவர்போல அவ்வப்போது நின்று, திரும்பி, மறுபடி வந்தார். வீட்டுக்காரர் இயக்குநரோடு வெளியே இருந்தார். அவர் மனைவி மாடிப் படிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தக் கண்ணாடில யாராச்சும் முட்டியிருக்காங்களா?" என்று கேட்டார் நடிகர்.

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அண்ணன் முட்டியதைச் சொன்னார். "எனக்க காக்கா முட்டினாவ. கீரிப்பாறையில கடை வச்சிருக்காவ. அங்கேந்து ஒரு சக்கப்பழம் சுமந்துட்டு வந்தாவ. வாசலு தொறந்து கிடக்குன்னு நெனச்சு நேரா வந்துட்டாவ. நெத்தியில ரெண்டு தையலு."

"பலாப்பழம் என்னாச்சு?"

"பழத்த விடேல்ல. ஒரு கையில நெத்தியப் பொத்திக்கிட்டு எங்க வைக்கன்னு கேட்டாவ. எனக்கும் தெரியேல்ல. எங்க வச்சாலும் பசை ஒட்டும். எல்லாம் வெள்ளையில்லா?"

அண்ணன் முட்டிய மறுநாள் கண்ணாடியில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாராம். வீடியோ காலில் கணவர் பார்த்துவிட்டு, லுக் போகிறது, பிய்த்துவிடு என்றாராம். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"நீங்க சமைக்கிறது எங்கம்மா? இந்த அடுப்புல எண்ணெய்த் துளிகூட இல்லையே?"

அந்தம்மா தயங்கினார். பிறகு பின்வாசலைத் திறந்து கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

வீட்டுச் சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மூன்றடி இடம் விட்டு வரைந்திருந்தேன். அனுமதி வாங்க அது வேண்டும். பிளானில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. இப்போது அதற்கு மேல் தகரம் வேய்ந்திருந்தது. ஒரு விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு, அம்மி, தண்ணீர்க் குடம், மீன் வெட்டும் பலகை, கம்பியில் காயும் துணி, இரண்டு முக்காலி. ஒரு முக்காலியில் பாதி நறுக்கிய வெங்காயம். கடல் காற்று அந்தச் சந்தில் குழாய்க்குள் வருவதுபோல வந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

"மத்தியானம் ஹால்ல இருக்க முடியாது. ஏசி போட்டாலும் கண்ணாடி கொதிக்கும். நானும் மோளும் இஞ்சதான் இருப்போம். சோறும் இஞ்சதான்" என்றார். தகரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவிய வரும்போ தகரத்தக் கழத்திப் போடுவேன். இந்த வாட்டி சினிமாக்காரங்க வந்த வெப்ராளத்துல மறந்து போச்சு. அவிய இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்ல" என்றார்.

நடிகர் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கால்களை மடக்கிப் பார்த்தார். சுவரில் முதுகு பட, எதிர்ச் சுவரில் முழங்கால் பட்டது. எழுந்து அந்தம்மாவுக்குக் கைகூப்பிவிட்டுப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

நான்கு நாளில் படப்பிடிப்பு முடிந்தது. ஷாட் நேரத்தில் வீட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை, மீதியைச் சென்னையில் செட் போட்டு எடுத்தார்களாம். அடுத்த வருடம் படம் வந்தது. வீட்டுக்காரர் அதற்கென்றே விடுமுறையைச் சரிசெய்துகொண்டு வந்து, மனைவியையும் மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். புதுச்சட்டை போட்டிருந்தார். முதல் பாதியில் வீட்டின் முன்பக்கம் ஒரு தடவை வந்தது. "பாத்தியளா, பாத்தியளா" என்று என் தொடையில் தட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

நடிகர் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த உறவுக்காரர். தோளில் பெரிய பலாப்பழம், இடுப்பில் கல்யாணப் பத்திரிகை. பணக்கார மச்சான் வீட்டுக்கு வருகிறார். கண்ணாடி வழியாக வீட்டின் உள்ளெல்லாம் தெரிகிறது. வாசல் எது என்று மட்டும் தெரியவில்லை. தடவித் தடவி வீட்டை ஒரு சுற்று வருகிறார். எப்படியோ உள்ளே போகிறார். பழத்தை இறக்க இடம் தேடுகிறார். மேசையில் வைக்கப் போனால் அது கண்ணாடி. நாற்காலியில் வைக்கப் போனால் அது நாற்காலி இல்லை, சிற்பம். தரை அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் குனிகிறார், யோசிக்கிறார், நிமிர்கிறார். மேற்கு வெயில் கண்ணாடி வழியாக அவரைத் துரத்துகிறது. அவர் நகர நகர வெயிலும் நகர்கிறது. வியர்வை கொட்டுகிறது. ஆனால் வீட்டில் ஒரு ஆள் இல்லை.

தியேட்டர் அலறிக்கொண்டிருந்தது. என் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று சிரித்தார்.

அப்புறம் அவருக்கு மீன் பொரிக்கும் வாசனை வருகிறது. மூக்கை நீட்டிக்கொண்டு வாசனை வந்த வழியே ஒவ்வொரு அறையாகப் போகிறார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய அறை. ஒவ்வொன்றும் காலி. கடைசியில் பின்கதவைத் திறக்கிறார். சுவருக்கும் சுவருக்கும் நடுவே தகரக் கூரைக்கடியில் மச்சான் குடும்பம் மொத்தமும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மச்சான் கோட்டு போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின்மேல். எல்லோரும் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்து இவருக்கும் இடம் கொடுக்கிறார்கள். பழத்தை மடியில் வைத்துக்கொண்டு இவரும் உட்கார்கிறார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகம் தளர்கிறது.

முப்பது வருடத்தில் எந்த வீட்டுக்காரரும், எந்த இன்ஜினியரும், அனுமதி கொடுக்கும் எந்த அதிகாரியும் என் பிளானை இப்படி வரிக்கு வரி படித்ததில்லை. பெயர் எழுதாமல் விட்ட அந்த மூன்றடியைக்கூட அந்த நடிகர் படித்துவிட்டார்.

வீட்டுக்காரர் அசையாமல் இருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். முதலில் சிரிப்புதான். பிறகு கண்ணைத் துடைத்தபடியே இருந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் விட்டு வெளியே வந்ததும் எதிரே இருந்த கடையில் டீ சொன்னோம். வீட்டுக்காரர் கிளாசைத் தொடவில்லை.

"நம்மளக் கேலி பண்ணிப் போட்டானுவ சாறே. வீட்டுல கேறி சோறு தின்னுட்டு, வெளியில போயிக் கேலி பண்ணியிருக்கானுவ."

நான் வாயைத் திறக்குமுன் அந்தம்மா சொன்னார். "கேலி இல்ல. எல்லாம் நான் சொன்னதாக்கும்."

"என்ன சொன்னே?"

"அந்தாளு கேட்டாரு. சொன்னேன். சக்கப்பழம், வெயிலு, பின்னால சோறு தின்னுயது. எல்லாம்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சுருங்கியது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஏட்டி. ஊரெல்லாம் சிரிக்கதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். போன்ல சொன்னேன். டவரு இல்ல, சத்தம் கேக்கேல்லன்னு சொன்னிய. ரெண்டாமத்த வாட்டி சொன்னேன், டூட்டிக்கு நேரமாச்சுன்னு சொன்னிய. பொறவு சொல்லேல்ல."

டீ ஆறியது. மகள் கடையின் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பேசினார். மனைவிக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக என்னிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

"சாறே, அங்க நாங்க எட்டு பேரு ஒரு முறியில. கட்டிலுக்கு மேல கட்டிலு. பத்து வருஷம் மேல்கட்டிலு எனக்கு. காலு நீட்டினா அடுத்தவனுக்க தலையில முட்டும். எழும்பி இருந்தா தலை கூரையில முட்டும். ஜன்னலு ஒண்ணு உண்டு, அதுல ஏசி வச்சு அடைச்சுப் போட்டானுவ. வெளிச்சம்னா டியூப் லைட்டுதான். அங்கக் கிடந்து நான் நெனச்சது இதாக்கும். ஒரு பெரிய ஹாலு, முழுசும் வெளிச்சம், ஒரு சாமானம் கூடக் கெடக்கப்படாது. நான் அங்ஙன இங்ஙன நடக்கணும்."

அந்தம்மா அவர் முன்னாலிருந்த கிளாசை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, "சூடா வேற ஒண்ணு தாருங்கோ" என்றார்.

அந்த எட்டு நிமிடக் காட்சியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேல்கட்டில் அதில் இல்லை. படம் எடுத்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. எனக்கும் அன்றுவரை தெரியாது. ஏன் இவ்வளவு கண்ணாடி, ஏன் இவ்வளவு காலி இடம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெயிலைப் பற்றி மட்டும்தான் பேசினேன். பேசிவிட்டு வரைந்துவிட்டேன்.

சவூதிக்குத் திரும்பிப் போகுமுன் அவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். பின்பக்கம் ஒழுங்கான அடுக்களை வேண்டும் என்றார். ஹாலிலிருந்து இடம் எடுத்தால்தான் முடியும் என்று சொன்னேன். ஹாலின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அகலத்துல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்கோ. நீளத்துல தொடாண்டாம்."

அப்படியே செய்தோம். புதிய அடுக்களைக்குச் சிம்னி வைக்கவில்லை. அந்தம்மா ஜன்னல் எங்கே வேண்டும் என்று கையால் காட்டினார், நான் சுவரில் கோடு போட்டேன். மேற்குக் கண்ணாடியில் பாதியைச் செங்கல் வைத்து அடைத்தோம். மீதிப் பாதி இன்னும் கொதிக்கிறது என்று போனில் சொன்னார்கள்.

இதோடு எனக்கு ஒரு பாடம் கிடைத்ததாகச் சொல்லி முடித்துவிடலாம். நடந்தது வேறு. படம் ஓடி முடிந்து போன்களில் அந்தக் காட்சி சுற்றத் தொடங்கியதும் என் அலுவலகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். போனில் அந்தக் காட்சியைக் காட்டி, "சாறே, இந்த வீடு நீங்க வரஞ்சதாமே? எனக்கும் அச்சுல வார்த்த மாதிரி இதே வேணும்" என்றார்.

"காட்சியப் பாத்தியளா?"

"பின்ன? வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"அதுல அந்த வீட்டுல இருக்க முடியாதுன்னுதான காட்டுதான்?"

"அது காமெடி சாறே. வீடு நல்லாத்தான இருக்கு?"

வாசல் தெரியாமல் கண்ணாடியைத் தடவியவனைப் பார்த்து அவரும் சிரித்தார், நானும் எத்தனையோ படங்களில் அப்படிச் சிரித்திருக்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன், மாடிவீட்டில் துணி காயப்போட இடமில்லாதவன், பக்கத்து ஃபிளாட்டில் யார் என்றே தெரியாதவன். சிரித்துவிட்டு வந்து மறுநாள் அதையே வரைந்திருக்கிறேன்.

கடைசியாக வந்தவர்கள் தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள், புருஷனும் மனைவியும்; புருஷனுக்கு வளைகுடாவில் வேலை. அவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. "பாய், நீங்க அங்க எங்க தங்கியிருக்கிய?" என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தம்மாவிடம் சமையல் எங்கே செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் போனில் கொண்டுவந்த படத்தில் திறந்த அடுக்களையைத் தொட்டுக் காட்டினார்.

பிளானில் பின்பக்கம் மூன்றடிக்குப் பதில் எட்டடி விட்டு வரைந்தேன். ஹால் அந்த அளவுக்குச் சுருங்கியது. மேற்கே கண்ணாடியைக் குறைத்து ஆழமான சன்ஷேடு கொடுத்தேன். பல வருடத்துக்குப் பிறகு கணினியில் மனசறிந்து போட்ட கோடுகள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுதோம் சாறே" என்று எழுந்தார். அந்தம்மா படியிறங்கும்போது திரும்பி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போன மாதம் தேங்காய்ப்பட்டணம் வழியாகப் பேருந்தில் போனேன். கூரை வார்ப்பு முடிந்து அவர்கள் வீடு எழும்பி நின்றது. வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். முன்னால் லாரியில் கண்ணாடி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஒரு பலகையைச் செங்குத்தாகப் பிடித்து ரோட்டைக் கடந்தார்கள். கடக்கும்வரை ஓட்டுநர் வண்டியை நிறுத்திவைத்தார். பின்பக்கம் எட்டடி விட்டிருக்கிறார்களா என்று தலையை நீட்டிப் பார்த்தேன். பேருந்திலிருந்து தெரியவில்லை.